குழாய்ப் பக்கத்துச் சந்து

அவர் சாப்பிடுவதற்கு முன்னால் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அதுதான் அவருடைய சட்டம். களி உருண்டையின் ஓரத்தில் ஒரு விள்ளல் கிள்ளி, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து, அவர் பார்க்க விழுங்கி, ஒரு மடக்குத் தண்ணீரும் குடித்த பிறகுதான் தட்டைத் தன் பக்கம் இழுப்பார். முதல் நாள் எனக்கு வந்த கோபத்துக்குத் தட்டையே பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்.

"உங்களுக்கு வெசம் வெச்சு நான் என்னத்தக் கட்டிக்கப் போறன்?" என்று கேட்டேன்.

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை என்கிற முகம்.

மேஸ்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். பெயர் இருந்திருக்கும். கேட்டவர்களிடம், "என்னாத்துக்கு?" என்று திருப்பிக் கேட்பார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை காக்கி நிஜார், தோளில் ஒரு சாக்குப்பை. அந்தப் பைக்கு இரண்டு பூட்டு. சாக்குப்பைக்குப் பூட்டுப் போட்ட மனிதரை நான் அவருக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வாயைச் சுருக்கி, வளையம் கோத்து, அதில் பூட்டியிருப்பார். பேருந்தில் போனால் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வார். பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கினால் ஒவ்வொரு பருப்பையும் இரண்டாகப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஏற்ற தொழில்தான் வாய்த்திருந்தது. சந்து அடைப்பது. கூரை ஒழுகல், தண்ணீர்த் தொட்டி விரிசல், சுவரும் ஜன்னல் சட்டமும் விட்டுக்கொண்ட இடம், எல்லாவற்றுக்கும் ஓசூரில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். குங்கிலியத்தைப் பொடித்து, சுண்ணாம்புத் தூளும் ஆளிவிதை எண்ணெயும் விட்டு இடித்து இடித்து ஒரு மக்கு செய்வார். முதலில் சணலை மொட்டைக் கத்தியால் சந்துக்குள் திணித்து, மேலே அந்த மக்கை விரலால் இழுத்துவிடுவார். காய்ந்தால் நகத்தால் கீறினாலும் வராது.

ஆனால் வந்ததும் அடைக்க மாட்டார். விசாரிப்பார். போலீஸ்காரர்கூட அப்படி விசாரிக்க மாட்டார். "சந்து தானா வராது. யாரோ வர வெச்சிருக்காங்க" என்பார். அவர் வாயிலிருந்து அதிகம் கேட்ட பேச்சு அதுதான். யார் என்று தெரிந்துகொள்ளாமல் பையைத் திறக்க மாட்டார்.

எனக்கு அவரைப் பற்றி முதலில் வந்து சேர்ந்த கதையே அந்தப் பழக்கத்தைப் பற்றியதுதான். கிருஷ்ணகிரியில் ஒரு புளி மண்டியில் மழைக்கு ஒழுகுகிறது என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் கூரை மேல் ஏறி ஓட்டைத் தடவிப் பார்த்திருக்கிறார். இறங்கி வந்து, எல்லோரும் நிற்கும்போதே காவல்காரரைக் காட்டி, "இவுரு சீட்டு வெளையாட வெளிச்சம் வேணும்னு ரெண்டு ஓடு நவுத்தறாரு. சாயங்காலம் திருப்பி வெக்கறாரு. அதான் ஒக்காரல" என்றாராம். பதினைந்து வருடம் அங்கே இருந்த காவல்காரரை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி சொன்னது பொய் இல்லை என்பதுதான் அந்தக் கதையில் என்னைப் பயமுறுத்தியது.

ஏனென்றால் எங்கள் பங்களாவில் சந்து வர வைத்தவள் நான்.

பங்களா, ஓசூருக்கு வெளியே தளி போகிற வழியில் இருந்தது. வெள்ளைக்காரர் கட்டியது. அவர் போன பிறகு பெங்களூரிலிருந்து ரிட்டையர் ஆன இஞ்சினியர் ஐயா ஒருவர் வாங்கி, அவரும் நான் அம்மா என்று கூப்பிட்ட அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே சமையல்காரி. வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவர், குளியல் தொட்டியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார். நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத இரும்புத் தொட்டி. உள்ளே வெள்ளை எனாமல். இரண்டு பக்கம் சுவரை ஒட்டி, மற்ற இரண்டு பக்கமும் செங்கல் வைத்து மறைத்திருந்தது. ஒரு முனை சாய்ந்து உட்கார வாகாகச் சரிந்திருக்கும். எதிர் முனையில் குழாய். குழாய் உண்டு, தண்ணீர் வராது. கிணற்றிலிருந்து நான்தான் சுமந்து ஊற்ற வேண்டும்.

எனக்கு ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். கணவர் இறந்த வருடமே வயிற்றிலிருந்த பிள்ளையும் தங்கவில்லை. அந்தப் பிரசவத்தோடு வந்த இடுப்பு வலி என்னை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "இடுப்பு முங்கற மாதிரி வெந்நீர்ல அரை மணி நேரம் உட்காரு. வாரம் ஒரு தடவையாவது உட்காரு" என்றார். எதில் உட்காருவது? என்னிடம் இருந்தது ஒரு குடமும் ஒரு சொம்பும். அண்ணன் வீட்டுக்குப் போகலாம் என்றால், அண்ணி முதல் வேளைச் சோற்றிலேயே முகத்தைக் காட்டிவிடுவாள். பங்களாவுக்குப் பின்னால் எனக்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். இந்த வேலை போனால் அந்த அறையும் போகும். அவ்வளவுதான் என் ஆஸ்தி.

ஐயாவும் அம்மாவும் வியாழக்கிழமை காலையில் பெங்களூருக்கு மகள் வீட்டுக்குப் போனால் வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் திரும்புவார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நான் வெந்நீர் அண்டாவைப் பற்றவைத்து, ஏழெட்டுக் குடம் ஊற்றி, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு அந்தத் தொட்டியில் உட்காருவேன். அந்த அரை மணி நேரம் எனக்கு வலி இல்லை. அதற்காக எதையும் செய்யலாம் என்று இருந்தது. எழுந்திருக்கும்போதுதான் இடுப்பு பிடித்துக்கொள்ளும். குழாய்ப் பக்கத்து விளிம்பில் வலது கையை ஊன்றி, மொத்த பாரத்தையும் போட்டுத்தான் எழுவேன். என் உடம்போடு எழுந்த தண்ணீர் கை வழியாக அந்த விளிம்பில் வழியும். எனக்கு அப்போது அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை.

தொட்டியை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் சாமான் அறை. அங்கேதான் அம்மாவின் பட்டுப் புடவைப் பெட்டி. சுவர் ஈரம் காண ஆரம்பித்தது. உள்ளூர்க் கொத்தனார் ஒருவர் சிமெண்ட் பூசினார், பத்தே நாளில் விட்டுக்கொண்டது. பிறகுதான் மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

முதல் தடவை வந்தபோது நடந்தது ஒரே கூத்து. அவரிடம் ஒரு துடைப்பக்குச்சி உண்டு, அதில் நகத்தால் கீறிய கோடுகள். தொட்டி காலியாக இருக்கும்போது குச்சியைச் சந்தில் விட்டுப் பார்த்தார். பிறகு தண்ணீர் ரொப்பச் சொன்னார். ரொப்பியதும் இன்னொரு முறை பார்த்தார். குச்சி இன்னும் ஒரு கோடு உள்ளே போயிற்று.

"ரொப்பினா தொட்டி எறங்கும், சந்து விரியும். விரிஞ்சப்பவே அடைக்கோணும். காலித் தொட்டிக்கு மக்கு வெச்சவன் மேஸ்திரி இல்ல, கழுதை" என்றார் ஐயாவிடம். "இப்ப குளிக்கற ஆள் உள்ள குந்தோணும்."

ஐயா இஞ்சினியர் அல்லவா, அவருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. துண்டைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, சாய்ந்து உட்கார்ந்து, செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மேஸ்திரி அவர் காதுக்குப் பின்னால் சணலைத் திணித்துக்கொண்டிருந்தார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஐயா எழுந்த பிறகும் அந்தத் தண்ணீரை மறுநாள் காலை வரை திறந்துவிடவில்லை. மக்கு இறுகும் வரை தொட்டி நிறைந்தே இருக்க வேண்டும்.

நானும் சிரித்தேன். ஆனால் அவர் போகும்போது, "வேற யாரு குளிக்கறாங்க?" என்று அம்மாவைக் கேட்டார். "வேற யாரு? நான் சொம்பில எடுத்து ஊத்திக்கறவ. இவர் மட்டும்தான்" என்றார் அம்மா. மேஸ்திரி தலையை ஆட்டிக்கொண்டே குழாய்ப் பக்கத்தை ஒரு தடவை பார்த்தார். சிரிப்பு எனக்கு நின்றுவிட்டது.

இரண்டு மாதத்தில் குழாய்ப் பக்கம் மட்டும் விட்டுக்கொண்டது. வேறு எங்கும் ஒரு மயிரிழை விரிசல் இல்லை. தொட்டி ஒரு நாள் சும்மா கிடக்கட்டும் என்று அம்மா அவரை ஒரு வியாழக்கிழமைக்கு வரச் சொல்லிவிட்டுப் பெங்களூர் போனார். நானும் அவரும் மட்டும். வந்தவர் தொட்டிப் பக்கமே போகவில்லை. நேராக வெந்நீர் அண்டாவுக்கு அடியில் குனிந்து சாம்பலைக் கிளறினார்.

"இந்த அடுப்பு வியாழக்கெழமை எரியுமா?"

"எதுக்கு எரியோணும்? அவங்கதான் இல்லியே."

"சும்மா கேட்டன்."

சும்மா கேட்கிற மனிதரா அவர்! அன்றைக்கு முப்பத்திரண்டு குடம் சுமந்து அந்தத் தொட்டியை நான் ரொப்பினேன். இடுப்பு விண்விண் என்று தெறித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டே ஊற்றினேன். கடைசிக் குடத்தை ஊற்றியதும் அவர் சொன்னார்:

"நீங்க ஒருவாட்டி உள்ள குந்துங்க. ஆள் பாரம் வேணும்."

"அய்யய்யோ! அம்மா தொட்டியில நானா?" என்று கத்தினேன். தேவைக்கு அதிகமாகவே கத்திவிட்டேன். அது எனக்கே தெரிந்தது.

அவர் குச்சியைக் கீழே வைத்தார். பிறகு போய்ச் சமையலறையிலிருந்து அம்மிக்கல்லைத் தூக்கிவந்து, சாக்கில் சுற்றித் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினார். சரிந்த பக்கத்தில் இல்லை. குழாய்ப் பக்கத்தில்.

அன்றைக்கு நெய் விட்டு, குழம்பை இரண்டு கரண்டி அதிகமாக ஊற்றி வைத்தேன். வேறு எப்படி ஒருவர் வாயை அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கம்போல ஒரு வாய் தின்று காட்டிவிட்டு, தரையில் வலது கையை ஊன்றி எழுந்தேன். எழுந்து பார்த்தால் அவர் கண் என் முகத்தில் இல்லை. நான் ஊன்றிய கையில் இருந்தது.

"இடுப்பு வலியா?"

"இல்ல."

"எத்தினி நாளா?"

"இல்லன்னு சொல்றனே!"

"செரி, இல்ல" என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. இந்த ஆள் என்ன கேட்கப் போகிறார்? எப்போது கேட்கப் போகிறார்? அம்மாவிடம் எதையாவது சொல்லிவிட்டாரோ என்று அம்மா கூப்பிடுகிற தொனியையே நிறுத்து நிறுத்துப் பார்த்தேன். இரண்டு வியாழக்கிழமை தொட்டிப் பக்கம் போகவில்லை. மூன்றாவது வாரம் வலி தாங்க முடியவில்லை, போனேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. அதே கை, அதே விளிம்பு. வேறு எங்கே ஊன்றுவது? மற்ற மூன்று பக்கமும் வழவழவென்று இருந்தது.

ஐப்பசி மழையில் அம்மாவின் முகூர்த்தப் புடவைச் சரிகையில் பூஞ்சை பிடித்தது. அம்மா அழுதே விட்டார். மேஸ்திரிக்கு ஆள் போயிற்று. குளியலறையில் ஐயா, அம்மா, நான், அவர். எனக்கு அந்தப் புளி மண்டிக் காவல்காரரின் நினைவாகவே இருந்தது.

"எந்தக் கெழமை செவுரு ஈரமாவுது?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை வந்து பார்க்கறப்பதான் அதிகமா இருக்குது" என்ற அம்மா, சொன்ன பிறகு யோசித்தார். "வியாழக்கிழமை நாங்களே இருக்கறதில்லையே."

மேஸ்திரி குச்சியை எடுத்துக் குழாய்ப் பக்கத்தில் விட்டார். பிறகு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார். வலது கையை அந்த விளிம்பில் ஊன்றி, இடுப்பை ஒரு பக்கம் கோணிக்கொண்டு, மெல்ல எழுந்தார். மக்கு விட்டுப் பிரிவதை நாங்கள் நால்வரும் பார்த்தோம். மறுபடியும் உட்கார்ந்து மறுபடியும் அதேபோல எழுந்தார். நான் எழுந்திருப்பதை எனக்கே நடித்துக் காட்டுகிற மாதிரி இருந்தது.

"அந்தப் பக்கம் யார் கை வெக்கறது? இவர் சாய்ஞ்சு உட்கார்றது இந்தப் பக்கமாச்சே" என்றார் அம்மா. அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். பார்வை என் முகத்திலிருந்து இடுப்புக்கு இறங்கியது. "ஏண்டி, நீ ஏதாவது…"

அறை, வேலை, எல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். அண்ணி வீட்டு வாசலில் மூட்டையோடு நிற்பதுகூடக் கண்ணில் வந்துவிட்டது.

"யாரும் வெக்கலம்மா" என்றார் மேஸ்திரி. "தானா வந்துச்சு."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"போனவாட்டி நான்தான் அவசரத்துல தொட்டிய ரொப்பாமயே மக்கு வெச்சுட்டன். காலித் தொட்டியில வெச்சா நிக்காது. தண்ணி ஊத்த ஊத்த விட்டுக்கிச்சு. ஒரு வாரம் பூரா உள்ள எறங்கின தண்ணி வெள்ளிக்கெழம செவுத்துல தெரியுது. தப்பு என்னுது."

சொல்லும்போது அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

ஐயா நம்பாதவர் மாதிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மாவுக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. ஊரையெல்லாம் கழுதை என்று பேசினாயே, உன் லட்சணம் இதுதானா, என் புடவையைத் திருப்பிக் கொடுப்பாயா என்று மூச்சு வாங்கக் கேட்டார். அவர் தலையைக் குனிந்து நின்றார். அந்த மனிதர் தலை குனிந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான். "ஒழுங்கா செஞ்சு முடிச்சுட்டுப் போ. இனிமே இந்தப் பக்கம் தலை வெக்காதே" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

முப்பத்திரண்டு குடம் சுமந்தவள் அங்கேயேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

வேலை முடிந்து பையை எடுக்கச் சமையலறைப் பின்வாசலுக்கு வந்தார். தட்டை வைத்தேன். வழக்கப்படி ஒரு விள்ளல் எடுக்கக் கை நீட்டினேன்.

"வேணாம், வையுங்க" என்று தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.

என் கை நீட்டியபடியே நின்றது. "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

முழுதும் சாப்பிட்டுக் கை கழுவினார். "செவுத்துல ஒரு கல்லு வெளிய தள்ளி வெச்சிருக்கன். சோப்பு வெக்கன்னு ஐயாகிட்ட சொல்லியிருக்கன். அதப் புடிச்சி எந்திரிங்க. வெளிம்புல கை ஊனாதீங்க." பையின் இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

நன்றி என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதெல்லாம், இதற்கு என்ன கேட்கப் போகிறார் என்பதுதான். ஒரு வருடம் பின்வாசலில் யார் தட்டினாலும் அவர்தான் என்று பயந்தேன். அவர் வரவே இல்லை. அவரிடமிருந்து எனக்குத் தொற்றிய நோய் என்று இதைச் சொல்லிச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த மக்கு பிறகு விடவில்லை. வியாழக்கிழமைகளில் அவர் வைத்த கல்லைப் பிடித்துத்தான் எழுந்தேன். சுவர் காய்ந்து போயிற்று. பங்களாக்காரர்கள் யாரும் அவரை அதற்குப் பிறகு கூப்பிடுவதில்லை என்று பால்காரர் ஒருநாள் சொன்னார். கிருஷ்ணகிரி சந்தையில் ஓட்டைக் குடத்துக்குக் குங்கிலியம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

ஒரு மத்தியானம் பக்கத்துப் பங்களாவுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் வீட்டிலும் ஏதோ ஒழுகுகிறதாம். மேஸ்திரி ஒருவர் ரொம்ப நன்றாகச் செய்வார் என்று கேள்விப்பட்டாராம். நான் காபியை இரண்டு டம்ளரில் ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

"அந்த ஆளா? வேண்டவே வேண்டாம்" என்றார் அம்மா. "தொட்டியை ரொப்பாமலே மக்கு வெக்கறவன். எங்க வீட்டிலேயே செஞ்சிருக்கான். வேணும்னா இவளைக் கேளுங்க, அன்னிக்கு இவ ஒருத்திதான் வீட்டில இருந்தா."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, காபியை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன்.